கடுகு எழுத்து

என் கையெழுத்து சின்னது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு சிலேட்டு. அது நிறைந்தால் அழிக்க வேண்டும். அழிக்க மனசு வராது. அதனால் பொடியாக எழுதிப் பழகினேன். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படிக்க மொரப்பூர் போக வேண்டும். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். சரி என்று ஆடு ஓட்டப் போனேன். எழுத்து மட்டும் கையோடு நின்றுகொண்டது.

இது எழுபதுகளில் நடந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது.

அண்ணன் சேலத்தில் பி.யூ.சி. படித்தார். மொரப்பூரில் ரயிலேறிப் போவார். எங்கள் ஊரில் காலேஜ் வாசலை மிதித்தவர் அவர் ஒருத்தர்தான். மாதா கோயிலுக்குப் போனால் சாமியாரே நின்று விசாரிப்பார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. ஆனாலும் அண்ணனின் புத்தகத்தை ஈரக் கையோடு யாராவது தொட்டால் அவருக்குக் கோபம் வரும்.

சேலத்தில் அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஏரியூர்க்காரர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. நாங்கள் அவரை ஏரியூர் அண்ணன் என்போம். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் டிரங்குப் பெட்டி மேல் தாளை வைத்து, கோயிலில் பாட வேண்டிய பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தார்.

“என்னாடா இது, எறும்பு ஊர்றாப்புல எழுதுது உந்தங்கச்சி! தலைப்புல என்னா தாயி, கூட்டலா?”

“சிலுவைங்கண்ணா. எது எழுதுனாலும் மொதல்ல சிலுவ போடணும்.”

“நாங்க புள்ளையார் சுழி போடுவோம். நீங்க சிலுவ போடறீங்க. பெயிலாவறது மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணாட்டந்தான்.”

அம்மா சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறி போட்டார்.

அடுத்த கோடை. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் ஊருக்கு வந்தார். முகம் சரியில்லை. வரலாறு தலையில் ஏறவில்லை என்றார். பையிலிருந்து கொஞ்சம் தாள் எடுத்தார். வெங்காயத் தோல்போல மெல்லிசு. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்திருந்தார்.

“பாப்பா, புத்தகத்துல கோடு போட்ட எடத்த மட்டும் இதுல எழுது. எவ்வளவு பொடுசா முடியுமோ அவ்வளவு பொடுசா.”

“எதுக்குண்ணா?”

“நோட்ஸு. கூடவே வெச்சிருந்தா மனசுல நிக்கும்.”

அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. காரணம் இருந்தது. எங்கள் எல்லோர் கழுத்திலும் அம்மா உத்தரியம் போட்டுவிட்டிருந்தார். கயிற்றில் கோத்த சின்னத் துணிப் பை. மாதாவின் படம் தைத்திருக்கும். அதற்குள் ஒரு ஜெபத்தை எழுதி மடித்து வைத்து, வாயைத் தைத்துவிடுவார். எழுதிக் கொடுப்பது நான். அந்த ஜெபத்தை யாரும் எடுத்துப் படிக்க மாட்டார்கள். கூட இருந்தால் போதும், அதுவே காக்கும் என்பார் அம்மா. பாடமும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் எழுதினேன். பென்சிலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிக்கொண்டேன். மறுபடி பள்ளிக்கூடம் போனது மாதிரி இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் ஐந்து. பிரான்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. காரணங்கள் ஐந்தும் இன்றைக்கும் தெரியும். ஒவ்வொரு தாளிலும் தலைப்பில் சிலுவை போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது எல்லாத் தாளிலும் இருப்பது. கண்ணில் படாது.

கடைசி நாள் தன் உத்தரியத்தைக் கழற்றிக் கொடுத்து, ஒரு பக்கத் தையலைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். உள்ளே இருந்த ஜெபத்தை எடுத்துவிட்டு என் தாள்களை மடித்து வைத்தார்.

“தெச்சிடட்டாண்ணா?”

“வேண்டாம். அப்புடியே இருக்கட்டும்.”

ஜெபத்தை வெளியே எடுத்தது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதைப் பூசைப் புத்தகத்தில் வைத்தேன்.

பரீட்சை முடிந்து அண்ணன் வந்தார். கழுத்தில் உத்தரியம் இல்லை. குளிக்கும்போது அறுந்துவிட்டது என்றார். சோறு இறங்கவில்லை அவருக்கு. அம்மா கேட்டுக் கேட்டு, கடைசியில் சொன்னார். ஏரியூர் அண்ணன் வரலாற்றுப் பரீட்சையில் பிட்டு வைத்திருந்து பிடிபட்டுவிட்டாராம். பாதியில் வெளியே அனுப்பிவிட்டார்களாம்.

“அய்யோ, அந்தப் பையனா?” என்றார் அம்மா.

“அதுக்குத்தான் இவன் சோறு திங்காம கெடக்கறானா?” என்றார் அப்பா. “அவஞ்செஞ்சான், அவம்படறான்.”

பிட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். ஏதோ திருட்டுச் சாமான் என்று மட்டும் தெரிந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை உச்சிவேளையில் ஏரியூர் அண்ணன் வந்தார். மூணு பஸ் மாறி வந்திருந்தார். சட்டையெல்லாம் புழுதி. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். முழுசும் குடித்தார். அண்ணன் உள்ளேயிருந்து வந்து சுவர் ஓரமாக நின்றார்.

அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமலே வந்து உட்கார்ந்தார்.

“வா தம்பி. கேள்விப்பட்டேன். சொல்றனேன்னு கோவிச்சுக்காத. படிச்சு எழுத முடிஞ்சா எழுது. முடியலியா, பெயிலாயிட்டு வா, ஒண்ணும் கெட்டுப்போவாது. மறைச்சு வெச்சுப் பாத்து எழுதறது, அடுத்தவங்காட்டு வெள்ளாமய அறுத்தாந்து நம்ம களத்துல போட்டுக்கறாப்புல. அதத் தின்னா ஒடம்புல ஒட்டுமா?”

“ஒட்டாதுங்க” என்றார் ஏரியூர் அண்ணன். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கீழே பார்த்தார்.

“ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லலீங்க. திங்கக்கெழம கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. மூணு வருசம் எந்தப் பரீச்சையும் எழுதக் கூடாதுன்னு எழுதப் போறாங்களாம்.” சொம்பைக் கீழே வைத்தார். “தாளு என்னுது இல்லீங்க. என் காலடியில கெடந்துச்சு. எங்கையெழுத்தப் பாருங்கன்னு எழுதியும் காட்டுனேன். பொடி எழுத்து எல்லாருக்கும் ஒண்ணாட்டந்தான் இருக்கும்னுட்டாங்க. எழுதுனது யாருன்னு திங்கக்கெழமைக்குள்ள காட்டு, ஒன்ன உட்டுடறோம்னாங்க.”

“மாட்டிக்கிட்டவனெல்லாம் அப்புடித்தான் சொல்லுவான்” என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஏரியூர் அண்ணன் அண்ணனிடம் திரும்பினார். மெதுவாகத்தான் பேசினார்.

“அந்தத் தாளுல தலைப்புல ஒரு சிலுவ இருந்துச்சுடா.”

“கூட்டல் குறியா இருக்கும்” என்றார் அண்ணன்.

“அவங்களும் அதத்தான் சொன்னாங்க.”

நான் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தேன். சிலுவை என்றது காதில் விழுந்தது. எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் போடுவதுதானே என்று விட்டுவிட்டேன். ஏரியூர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்து நீட்டினார்.

“தாயி, நாலு வரி எழுதிக் காட்டு. ஒனக்குப் புடிச்சது எது வேணும்னாலும்.”

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அண்ணனைத் தவிர யாரும் என்னை எழுதச் சொன்னதில்லை. ஓடிப் போய் டிரங்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன், “பாப்பா” என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். காலேஜ் படிக்கிறவர் கேட்கிறார், பாட்டு எழுதினால் மதிக்க மாட்டார் என்று நினைத்தேன். என்னிடம் இருந்ததிலேயே பெரிய படிப்பை எழுதினேன். முதலில் சிலுவை. அதன் கீழே, பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள். ஐந்தையும் எழுதினேன். ஒரு எழுத்து அடிக்கவில்லை, திருத்தவில்லை.

வாங்கிப் படித்தார். ஐந்தாறு வரி படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார். வெயிலில் நிற்கிற மாதிரி வேர்த்திருந்தது.

“எப்புடி எழுதியிருக்குது?” என்று கேட்டார் அம்மா. “அவள மட்டும் படிக்க வெச்சிருந்தா நாளைக்கு ஒரு டீச்சராயிருப்பா.”

“நல்லா எழுதியிருக்குதுங்கம்மா. ஒரு தப்பு இல்ல.”

அம்மா களி போட்டார். ஏரியூர் அண்ணன் அரை உருண்டை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, அந்தத் தாளை என் கையில் வைத்தார்.

“நீயே வெச்சுக்க தாயி. யாருக்கும் குடுக்காத.”

“உங்களுக்குத்தாங்கண்ணா எழுதுனேன்.”

“பாத்துட்டேனில்ல. போதும்.”

செருப்பை மாட்டினார். அண்ணன் வாசல் வரைக்கும் போய், “பஸ்ஸு நிக்கற எடம் வரைக்கும் வர்றண்டா” என்றார்.

“வேண்டாம். வெயிலு” என்றார் அவர். திரும்பிப் பார்க்காமல் போனார்.

திங்கட்கிழமை அவர் தன் அப்பாவோடு போனார். ஒன்றும் சொல்லவில்லை. மூணு வருஷம் எழுதக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் படிக்கவே போகவில்லை. ஏரியூரில் காட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அண்ணன் பாஸாகி, மேலே படித்து, ஆபீஸ் வேலைக்குப் போனார். அம்மா இரண்டு தடவை புதுசாக உத்தரியம் தைத்துக் கொடுத்தார். அண்ணன் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா இறந்த வருஷம் அண்ணன் தானாகச் சொன்னார். தாளைப் பார்த்து எழுதும்போது வாத்தியார் வந்தாராம். பயத்தில் கீழே விட்டாராம். காற்று அதைப் பின்பெஞ்சுக்குத் தள்ளியதாம். “எந்திரிச்சு என்னுதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு பாப்பா” என்றார். எழுதினது என் கை.

அந்தச் சனிக்கிழமையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஏரியூர் அண்ணன் போன பிறகு நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தும் எடுத்துக்கொண்டு போகவில்லையே என்று. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தாளை வாங்கினார். மேலே இருந்த சிலுவை மட்டும் அவருக்குத் தெரிந்தது. அண்ணனிடம் நீட்டினார்.

“என்னாடா எழுதியிருக்குது? படி, கேப்போம்.”

அண்ணன் வாங்கினார். பார்த்தார்.

“ஜெபங்கப்பா” என்றார்.

அப்பா தவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

“தப்பு செஞ்சவன் ஜெபம் எழுதி வாங்கிப் பாக்கறானா? அப்ப அவனுக்கு இன்னும் மனசாட்சி இருக்குது” என்றார்.

அண்ணன் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் எழுத்தைப் பார்த்தேன். ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. காலேஜ் படிக்கிற அண்ணனுக்கே என் எழுத்து தெரியவில்லை என்றால், பாவம், அவர் பரீட்சைக்கு எப்படிப் படித்திருப்பார் என்று இருந்தது. ஏரியூர் அண்ணனும் இதனால்தான் விட்டுவிட்டுப் போயிருப்பார். அழுகையை நிறுத்தினேன். அடுத்த தடவை யாராவது கேட்டால் கொஞ்சம் பெரிசாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆட்டை அவிழ்த்தேன்.