கார்டை மாற்றினோம், சாயம் வெளுத்தது

தொண்ணூறுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். பத்திரிகையின் உச்சியில் வைக்கும் லட்சுமி படம், எங்கள் கம்ப்யூட்டர் திரையில் கிரீடத்திலிருந்து பாதம் வரை இறங்க அரை நிமிடம் ஆகும்.

இதை மோப்பம் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். இன் பண்ணிய சட்டை, வாய் நிறைய இங்கிலீஷ். புது கிராபிக்ஸ் கார்டு போட்ட தன் கம்ப்யூட்டரை எங்களுடையதன் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அதே லட்சுமியைத் திறந்தார். அவருடையதில் சட்டென்று வந்து நின்றாள்.

“பாத்தியளா அண்ணாச்சி? ஒங்க கார்டு வெறும் தகரம். அதக் கழட்டிக் குடுத்துட்டு இத வாங்கிப் போடுங்க.”

வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

எங்களிடம் டைப் அடிக்கும் மெஹருன்னிசாதான் எழுந்து வந்தாள். “செத்த பொறுங்கண்ணே. கம்ப்யூட்டரே வேற வேறயால்ல இருக்கு. ரெண்டு கார்டையும் மாத்தி மாட்டிப் பாத்துருவோம்.”

மாற்றினோம். எங்கள் ‘தகரம்’ அவருடைய கம்ப்யூட்டரில் சட்டென்று லட்சுமியைக் காட்டியது. அவருடைய புது கார்டோ எங்கள் கம்ப்யூட்டரில் பழையபடி கிரீடத்திலிருந்து ஊர்ந்தது. வேகமெல்லாம் அவருடைய புது மெஷினுடையது!

“ஒங்க ஊர்ல கரண்டு வீக்கு அண்ணாச்சி” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

“ரெண்டும் ஒரே லைன்லதான ஓடுது?” என்றாள் மெஹருன்னிசா. மனிதர் வயரைச் சுருட்டினார்.

அந்தப் பித்தலாட்டக்காரரைவிட, தலையாட்டிய என்னை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. இப்போது எந்த வியாபாரி வந்து எதை எதனுடன் ஒப்பிட்டுக் காட்டினாலும் நான் வாயே திறப்பதில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்து மெஹருன்னிசா கையில் கொடுத்துவிடுகிறேன்.