மூக்கு மருந்துப் பெட்டியின் சாவி

ட்வைலா காடிலின் வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், இளசுகளைப் போதை மாத்திரையிலிருந்து காப்பாற்ற ஷெரிஃப் அலுவலகமும் பள்ளி வாரியமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். சேர வைப்பது ட்வைலாவின் பாடு. அந்த மூன்றும் இதுவரை மனமொத்துச் செய்த ஒரே காரியம், கூட்டத்தில் டோனட் தின்றது. என் மேசை அவருக்குப் பின்னால். "சரி, அப்ப யாரைக் கேக்கணும்?" என்று தொலைபேசியில் அவர் கேட்கும்போதெல்லாம் கழுத்து சிவந்துகொண்டே போவதைப் பார்ப்பேன்.

போன இலையுதிர்காலத்தில், கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால் கோல்பி ஸ்டிடம் என்ற மாணவன் விழுந்து கிடந்தான். வலி மாத்திரை என்று யாரோ கொடுத்ததை நம்பி விழுங்கியிருந்தான். மூக்கில் அடித்தால் நின்றுபோன மூச்சைத் திருப்பும் மருந்து பள்ளியிலேயே இருந்தது, நர்ஸ் அறை அலமாரியில், பூட்டி. நர்ஸ் வீட்டுக்குப் போயிருந்தார், சாவியோடு.

அன்றிலிருந்து ட்வைலாவுக்கு ஒரே பிடிவாதம்: மைதானத்துத் தின்பண்டக் கடைச் சுவரில், யார் கைக்கும் எட்டும்படி அந்த மருந்து இருக்கவேண்டும். ஒரு வருடம் கூட்டம் போட்டார்கள். பழைய மாணவர்களோடு ஊரே திரளும் ஹோம்கமிங் ஆட்டத்துக்கு முன்பாக, ஒருவழியாகப் பெட்டியை மாட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை மதியம் ட்வைலா போய்ப் பார்த்தால், பெட்டியில் பூட்டுத் தொங்குகிறது.

துணை ஷெரிஃப் டென்வர் நோபிள் அங்கேதான் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"பூட்டு எதுக்கு டென்வர்?"

"தொறந்து வச்சா எடுத்துட்டுப் போயிருவாங்களே, மிஸ் ட்வைலா."

"எடுத்துட்டுப் போகத்தானேப்பா வைக்கிறோம்."

"அது சரி. காணாமப் போச்சுன்னா கேஸ் எழுதறது நான்ல."

"சாவி எங்க?"

"ஸ்கூல்ல கொடுத்தாச்சு."

பள்ளி முதல்வர் ராண்டல் நிம்மதியாகச் சொன்னார்: "நர்ஸ்கிட்ட கொடுத்துட்டேன். மருந்துன்னா அவங்க பொறுப்புதானே." நர்ஸ் தன் அக்காள் கல்யாணத்துக்கு டென்னசி போயிருந்தார்.

"பூட்டை உடைச்சிரட்டுமா?" என்று ராண்டலைக் கேட்டார் ட்வைலா.

"கவுண்டி சொத்தும்மா. எதுக்கும் ஷெரிஃபை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

ட்வைலாவின் கார் டிக்கியில் மிச்ச மருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தின்பண்டக் கடைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

கடையை நடத்துவது பள்ளி வாத்தியக் குழுப் பெற்றோர். அன்று சில்லி என்னும் கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தது வெர்னா, கோல்பியின் அம்மா. மகன் போன பிறகும் ஒரு ஆட்டத்துக்கும் அவர் வராமல் இருந்ததில்லை.

"வெர்னா, இதை உள்ள வச்சுக்கிறியா? கேட்டு வர்றவங்களுக்குக் கொடு."

"கேட்டு வருவாங்களா? இந்த ஊர்லயா?" வெர்னா கரண்டியை வைத்தார். "என்கிட்ட வந்து கேப்பாங்களா, கண்ணு?"

ட்வைலா அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தார்.

வெர்னா குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். அடியில் ஒட்டிய காகித நாடாவில் ட்வைலா காடில் என்று மங்கலான எழுத்து. சாவு வீட்டுக்கு ட்வைலா கோழியும் சாதமும் வேகவைத்துக் கொண்டுபோன பாத்திரம்.

"வெறுமனே திருப்பித் தரக்கூடாதுன்னு வச்சிருந்தேன். என்ன போட்டுத் தர்றதுன்னு ஒரு வருஷமாத் தெரியல."

மருந்துகளை அதில் அடுக்கி, வெளித்தட்டில் கெட்ச்சப்புக்கும் நாப்கினுக்கும் நடுவில் வைத்தார். நாப்கின் எடுக்க யாரும் யாரையும் கேட்பதில்லை.

பாதி ஆட்டத்தில் ராண்டல் வந்தார். பாத்திரத்தில் பாதி காலி.

"இது யாரு வச்சது? யாரு எடுத்தது?"

"நாப்கின் வேணுங்கிறவங்க எடுத்தாங்க" என்றார் வெர்னா.

"இதுக்கு அனுமதி..."

"பாத்திரம் ட்வைலாவோடது. திருப்பிப் பாருங்க, பேர் இருக்கு. சில்லி வேணுமா, வேண்டாமா? பின்னால ஆள் நிக்குது."

ராண்டல் சில்லி வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் டென்வர் அதைத் திருட்டு என்றார். சுகாதாரத் துறை, விநியோகம் என்றது. எந்தத் துறையின் விநியோகம் என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். ட்வைலாவின் கழுத்து சிவந்தது.

அடுத்த ஆட்டத்தன்று, மீண்டும் நிரப்ப அவர் கடைக்குப் போனபோது, பாத்திரத்தில் ஒன்று மட்டும் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். யார் மூக்கிலோ அழுத்தித் தீர்ந்துபோன மருந்தின் காலிக் குழாய். யாரோ கொண்டுவந்து திருப்பி வைத்திருந்தார்கள்.

வெர்னா அதை வாங்கி, கையில் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார்.

ட்வைலாவின் தொலைபேசி அடித்தது. துணைக்குழு. பெட்டிச் சாவிக்கு இன்னொரு நகல் எடுக்க யார் கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார்கள்.