பேட்டரி அறை அக்காவின் கையெழுத்து

பேட்டரி அறை அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அந்தப் பணிமனையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூக்கு நுனியில் நிற்கிற கோபம் ஒரு தும்மலில் போய்விடும். இவளுடையது இருபத்திரண்டு வருஷமாக உள்ளேயே குடியிருக்கிறது. அதைக் காலி செய்யச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அது மலைச்சாலை மீட்பு வண்டிகளின் பணிமனை. மொத்தம் நான்கு ஜீப்புகள். நான்கின் முன்பம்பரிலும் வின்ச் உண்டு. மோட்டார் சுற்றச் சுற்ற இரும்புக் கயிறு உருளையில் சுருண்டுகொண்டு வரும். கயிற்று முனையிலிருக்கும் கொக்கியில் மாட்டிய லாரியோ காரோ பள்ளத்திலிருந்து மெல்ல மேலே ஏறும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றைப் பார்ப்பார்கள், கொக்கியைப் பார்ப்பார்கள். பானெட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரியை எவன் பார்க்கிறான்? அக்கா பார்ப்பாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

முதலில் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். பேட்டரி அறையில் இருந்தவர் ஒருநாள் ஆசிட்டைக் கண்ணில் தெறிக்கவிட்டுக்கொண்டு வீட்டோடு போய்விட்டார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பார்த்துக்கோம்மா" என்றார்கள். அந்த ஆள் இன்றுவரை கிடைத்தபாடில்லை. சொல்லிக்கொடுக்கவும் நாதியில்லை. செத்துப்போன பேட்டரிகளை அறுத்து, உள்ளே தகடு எப்படி உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் தொழிலைப் பிடித்தாள். ஆசிட் பட்டு ஓட்டை விழாத துணி அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் ஓட்டை மடிப்புக்குள் போகிற மாதிரி கட்டிக்கொண்டு போய் நிற்பாள்.

பேட்டரி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. வண்டியைக் கிளப்புவது ஒரு நொடி வேலை, அதற்கு எந்தப் பேட்டரியும் போதும் என்பாள். வின்ச் அப்படியில்லை, பத்து நிமிஷம் விடாமல் உறிஞ்சும். அதற்குத் தகடு தடிமனாக இருக்க வேண்டும். கல்லிலும் குழியிலும் குதிக்கிற வண்டியில் அந்தத் தகடு ஆடாமல் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேட்டரி புதிதாக இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் குடோனில் தூங்கிய பேட்டரியும் மீட்டரில் பன்னிரண்டரை வோல்ட் காட்டும். பாரம் ஏறியதும் படுத்துவிடும். அதனால் எந்தப் பேட்டரி வந்தாலும் பாரம் கொடுத்துச் சோதிக்கிற லோடு டெஸ்டரை மாட்டுவாள், பதினைந்து எண்ணுவாள், முள் இறங்காமல் நின்றால்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் பேட்டரி வண்டியில் ஏறக்கூடாது. அந்த இடத்தில் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

அந்த அதிகாரத்துக்கும் ஒரு தலைவலி உண்டு. ஸ்டோருக்குப் பொறுப்பு அவளுடைய கொழுந்தன். அவளுக்கு வேலை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். அதை மாசத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அக்காவின் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. "என் தம்பிகிட்ட மோதாத" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு யோசனை வந்ததில்லை.

இன்னொரு பக்கம் அக்காவின் சொந்தத் தம்பி. அவன்தான் கொக்கிக்காரன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, விழுந்த வண்டியில் கொக்கியை மாட்டுவான். வண்டி ஏற ஏற அதன் பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையை நகர்த்திக்கொண்டே பின்னால் வருவான். ஏதாவது ஒன்று சொதப்பினால் முதலில் அவன் மேல்தான் வரும். போன மழையில் வந்தது. லாரி பாதிச் சரிவில் இருக்கும்போது வின்ச் நின்றுபோனது. வின்ச்சின் பிரேக் பிடித்தது, பிடித்தது என்றால் முக்கால்வாசி பிடித்தது. லாரி ஒரு முழம் பின்னால் வந்ததில் தம்பியின் இடதுகாலில் இரண்டு விரல் போனது. அந்த வாரம் அக்கா காய்ச்சலில் கிடந்தாள். அவள் கையெழுத்து இல்லாமலேயே ஸ்டோரிலிருந்து ஒரு பேட்டரி வண்டியில் ஏறியிருந்தது. ஈரத்தில் கால் வழுக்கியது என்று கொழுந்தன் விபத்து ரிப்போர்ட்டில் எழுதினார், தம்பியும் தலையாட்டினான். அவன் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மழை தொடங்குவதற்கு முன்னால் எட்டுப் புதுப் பேட்டரிகள் வந்து இறங்கின. கொழுந்தன் நோட்டோடு வந்து நின்றார்.

"அண்ணி, ஒரு கையெழுத்து. நாளைக்குக் காலைல வண்டிங்க மேல போகணும்."

"லோடு டெஸ்டர் எங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"அதுக்கு என்ன ரிப்பேர்? முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் பேனாவை நீட்டினார். அக்கா பேனாவை வாங்காமல் குனிந்து பேட்டரிகளைப் பார்த்தாள். எட்டிலும் ஒரே இடத்தில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியோடு. அதில் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி உரித்தாள். அடியில், பிளாஸ்டிக்கிலேயே குத்தியிருந்த பழைய தேதி தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கும் மேல்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இது என்ன?"

"கம்பெனி லேபிள் அண்ணி."

"கம்பெனிக்காரன் பழைய தேதிய மூடித்தான் லேபிள் ஒட்டுவானா? யார்கிட்ட கதை விடறீங்க?"

"தேதியில என்ன இருக்கு? வோல்ட் பாருங்க, கரெக்டா இருக்கு. சும்மா ஊதிப் பெரிசாக்காதீங்க."

அதற்குள் டிரைவர்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் கொழுந்தனுக்கு வீராப்பு வந்துவிட்டது. "சரி, எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டறேன்" என்று ஒரு பேட்டரியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். வின்ச்சின் பொத்தானை அழுத்தினார். கயிறு சரசரவென்று சுற்றியது. தரையில் கிடந்த கொக்கி துள்ளிக்கொண்டு ஓடி வந்தது.

"பார்த்தீங்களா? எவ்வளவு ஸ்பீடு!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "காத்த இழுத்துக் காட்டறீங்களே, வெக்கமா இல்ல? கொக்கியில ஒரு மூட்டைகூட இல்ல. சும்மா சுத்தறதுக்குப் பொம்மைக் கார் பேட்டரி போதாதா? பாரத்த மாட்டுங்க. அந்தச் சாய்தளத்துல நிக்குதே லாரி, அத இழுங்க."

வண்டி கழுவுகிற இடத்தையொட்டி ஒரு சிமெண்டுச் சாய்தளம். அதன் அடியில் எஞ்சின் கழற்றிய பழைய லாரி ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. ஜீப்பை மேலே நிறுத்தினார்கள். கயிற்றைக் கீழே இழுத்துக்கொண்டு போய்க் கொக்கியை லாரியில் மாட்டியது தம்பிதான். மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில், கட்டையை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றான். லேசாக விந்தி விந்தித்தான் போனான்.

"டேய், நீ ஏன்டா அங்க போய் நிக்கிற? வெளியே வா!"

"விடுக்கா. டெய்லி நிக்கிற இடம்தானே? சட்டுனு இழுத்துப் பார்த்துட்டுக் கையெழுத்தப் போட்டுக் குடு. மச்சான்கிட்ட எதுக்கு வீண் சண்டை?"

மச்சானாம்! விரலைப் பறிகொடுத்துவிட்டும் இவனுக்கு மச்சான்! அக்காவுக்கு யாரை முதலில் அறைவது என்றே தெரியவில்லை. அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை.

"பேட்டரி நல்லதுதானே?"

"நூத்துக்கு நூறு நல்லது."

"அப்ப அவன வரச்சொல்லிட்டு நீங்க போய் நில்லுங்க."

"எங்க?"

"லாரிக்குப் பின்னாடி. அவன் நிக்கிற எடத்துல. நீங்க நின்னு, லாரி மேல வந்து சேர்ந்தா, எட்டுக்கும் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன். இந்த ஜென்மத்துல உங்கள ஒரு கேள்வி கேக்கமாட்டேன்."

கொழுந்தன் சிரித்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"என்ன அண்ணி, விளையாடறீங்களா? அது என் வேலையா? எனக்கு வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

"அவனுக்கும் இருக்கு."

"அவன் பழகினவன், அவனே நிக்கட்டும்" என்றார் கொழுந்தன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நிலைமையைக் கலகலப்பாக்குவதாக நினைத்துக்கொண்டு, "அவனுக்கென்ன, ஏற்கெனவே ரெண்டு வெரல் போனவன்தானே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பக்கத்திலிருந்த ஸ்பேனரை எடுத்து அவர் மேல் எறிந்துவிடுவோமோ என்று அக்காவுக்கே பயமாக இருந்தது.

தம்பி லாரிக்குப் பின்னாலிருந்து வந்தான். அவசரமில்லாமல், அந்தக் காலை ஊன்றி ஊன்றி, சாய்தளம் முழுக்க ஏறி வந்தான். கொழுந்தனுக்கு நேர் எதிரில் வந்து நின்று மரக்கட்டையை நீட்டினான்.

"இந்தாங்க மச்சான். சக்கரத்துக்கு அடியில நகர்த்திக்கிட்டே வரணும், அவ்வளவுதான். கஷ்டமான வேலை இல்ல."

கொழுந்தன் கட்டையைப் பார்த்தார். கீழே நின்ற லாரியைப் பார்த்தார். கட்டைக்காகக் கை நீளவில்லை. இரண்டு கையும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. "ஆபீஸ்ல போன் அடிக்குது" என்றார். ஆபீஸில் எந்தப் போனும் அடிக்கவில்லை. அவர் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பின் டிரைவர் வின்ச்சின் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டான். மற்ற மூன்று டிரைவர்களும் மீதி ஏழு பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் வாசலில் இறக்கினார்கள். அவர்களை யாரும் ஏவவில்லை.

எட்டாவது பேட்டரியைக் கழற்றத் தம்பி ஜீப்பின் பானெட்டைத் திறந்தான். ஸ்பேனரை எடுத்து, முன்னே பின்னே யோசிக்காமல் சிவப்பு வயர் பக்கம் கொண்டுபோனான்.

"டேய்!" அக்காவின் குரல் பாதியில் உடைந்துபோனது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கோபமாக இருந்தது. "கறுப்பு வயர முதல்ல கழட்டுடா, எருமை! சிவப்பத் தொட்டா தீப்பொறி பறக்கும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"