வெட்டிப் பார்க்காத கழுத்து வளையம்

லோங் ஷீச்சாய் 1955ஆம் ஆண்டு சீனாவின் குய்சோ மலைநாட்டில், சிங்ஷுய் ஆற்றங்கரையில் உள்ள மியாவ் இன மக்களின் கிராமம் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் லோங் பாவ்சென் வெள்ளி வேலைக்காரர். மகனும் அதே பட்டறையில் அமர்ந்தார். அந்த வீட்டில் செய்த நகை எதுவானாலும் உட்புறத்தில் இரட்டை மீன் முத்திரை இருக்கும். மகளுக்குப் பதினாறு வயதானதும் தாயின் கழுத்து வளையத்தை உருக்கி, கூடுதலாகக் கொஞ்சம் வெள்ளி சேர்த்துப் புதிதாகச் செய்துகொடுப்பது ஆற்றோரக் குடும்பங்களின் வழக்கம். உருக்குமுன் வளையத்துக்கு உரியவரை எதிரே உட்காரவைத்து, அதைக் குறுக்கே வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டுவது பட்டறையின் வழக்கம். இந்த இரண்டாவது வழக்கத்தை ஷீச்சாய் ஒரே ஒரு முறை மீறினார்.

2008ஆம் ஆண்டு வசந்தத்தில் அக்கரையிலிருந்து பான் யூநெங் என்ற விதவை தன் வளையத்தைக் கொண்டுவந்தாள். அவள் மகள் ஜின்யேவுக்கு அப்போது இருபது வயது. தகப்பன் இறந்ததால் மகளுக்கு வளையம் செய்வது தள்ளிப்போயிருந்தது. மேலூரில் ஒரு வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மூன்றாம் மாதத் திருவிழாவில் பெண்ணின் வளையத்தைத் தூக்கி எடை பார்த்த பிறகே முடிவு என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"உக்காரு தங்கச்சி, வெட்டணும்" என்றார் ஷீச்சாய்.

"நாத்து காத்துக்கிட்டு கெடக்குண்ணே, படகும் போயிரும். உங்கப்பா முத்திரைய நீங்களே வெட்டிப் பாத்தா ஊரு சிரிக்காதா?"

அந்தப் பேச்சு அவர் பெருமையைத் தொட்டது. முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்; தகப்பனாரின் அடி, பிசகு இல்லை. அவள் போனதும் வளையத்தை அப்படியே மூசையில் இட்டு உலையை ஊதினார். உருகியதை அச்சில் ஊற்றினார்; ஆறியபோது கட்டி சிவந்திருந்தது.

உள்ளே இருந்தது செம்பு. ஈயம் சேர்த்துப் பிரித்தெடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு வெள்ளிதான் மிஞ்சியது. சாட்சிக்கு வளையமும் இல்லை, முத்திரையும் இல்லை. வெள்ளியை எடுத்துக்கொண்டு செம்பைக் கலந்தான் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் ஆற்றின் இரு கரையிலும் ஒருத்தி ஒரு கொண்டை ஊசியைக்கூட அவரிடம் தரமாட்டாள். கடைசியில் வெள்ளியையும் செம்பையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு அவரே படகேறினார்.

முடிச்சை அவிழ்த்துக் காட்டியதும் யூநெங் அலறவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்கப்பா திருடலண்ணே. பஞ்சத்துல எங்க ஆத்தா, கல்யாணத்துக்கு முந்தி, வெள்ளிய நெல்லுக்கு வித்துட்டு அவரு கால்ல போயி விழுந்துச்சாம், மொட்டைக் கழுத்தோட நின்னா எவன் கட்டுவான்னு. அவருதான் செம்புக்கு மேல வெள்ளியப் போத்திக் குடுத்தாரு. எனக்கும் அத உருக்காம அப்படியே போட்டு விட்டுச்சு. சாகப்போறப்பதான் வாயத் தொறந்துச்சு."

"தெரிஞ்சேதான் எங்கிட்ட குடுத்தியா?"

"கூட உக்காந்திருந்தா என் முன்னால வெட்டியிருப்பீங்க. தனியாப் பாத்தா, அப்பா மானத்துக்காக உங்க வீட்டு வெள்ளியப் போட்டுச் சரிக்கட்டிருவீங்கன்னு நெனச்சேன்."

"எங்க வீட்டு வெள்ளியா? எம் பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவ நகை மொத்தமும் மருமக கழுத்துல கெடக்கு. அத எந்த வாயால கேப்பேன்?"

"அப்ப உங்கப்பா செஞ்சதையே நீங்களும் செய்யுங்க."

"மாட்டேன்."

"மாட்டீங்களா? சரி, திருவிழா அன்னிக்கு எம் மவள நீங்களே கூட்டிட்டுப் போயி, மொட்டைக் கழுத்தோட அந்தப் பொம்பள முன்னால நிறுத்துங்க."

ஷீச்சாய் முடிச்சை எடுத்துக்கொண்டு திரும்பினார். திருவிழாவுக்கு முந்தைய நாள்வரை உலையைப் பற்றவைக்கவில்லை, பிறகு பற்றவைத்தார். செம்பு வெள்ளியைவிட எடை குறைவு என்பதால் உள்ளே வைக்கும் செம்புத் தண்டைக் கொஞ்சம் பருமனாக்கி, மேலே வெள்ளித் தகட்டைச் சுற்றி, இணைப்புத் தெரியாமல் தேய்த்தார். முத்திரை இல்லாவிட்டால் மேலூர்க்காரி கேட்பாள். அடித்தார். முதல் அடியில் கை நழுவியது. மீன்கள் கலங்கலாகவே விழுந்தன.

திருவிழாவில் முரசைச் சுற்றி ஆடவந்த ஜின்யேவை மாப்பிள்ளையின் தாய் நிறுத்தி, வளையத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"கழுத்து வலிக்குதாடி?"

"வலிக்குது அத்தே."

"வலிக்கட்டும். வலிச்சாத்தான் அது வெள்ளி!"

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஷீச்சாய் முரசுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அந்த இலையுதிர் காலத்திலேயே ஜின்யேவுக்குத் திருமணம் ஆனது. யூநெங் மகளிடம் எதுவும் சொல்லாமலே இறந்துபோனாள். அதன்பின் ஷீச்சாய், உரியவர் எதிரே அமராமல் ஒரு மோதிரத்தைக்கூட உருக்கியதில்லை. சரியான பிடிவாதக் கிழவர் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இப்போது பட்டறையும் முத்திரையும் மகன் வெய்காங்கின் கையில் இருக்கின்றன. அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று பலமுறை அவனைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் நிமிர்ந்ததும், கரி தீர்ந்துவிட்டதா என்று கேட்டு முடித்துக்கொள்வார். அதைச் சரிக்கட்ட அரத்தூளாகச் சேர்த்துவைத்த வெள்ளி ஒரு கொண்டை ஊசிக்குத்தான் போதும்.

ஜின்யேவுக்கு ஒரே மகள். வயது பதினான்கு. தாயின் வளையத்தை வெட்ட இன்னும் இரண்டு ஆண்டுகள்.