குத்தாலம் சாலையில் கேபிள் மேல் உட்கார்ந்திருந்த நாள்

ஒளியிழைக் கேபிளைக் காப்பாற்ற நான் அதன் மேல் போய் உட்கார்ந்திருக்கிறேன். கேபிள் இடுப்பாழத்துக்கும் கீழே, மண்ணுக்குள், பிளாஸ்டிக் குழாய்க்குள் பத்திரமாக இருந்தது. மேலே மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நான். ஆள் உட்கார்ந்தால் கேபிளுக்கு என்ன பாதுகாப்பு என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். இப்போது வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

குத்தாலத்திலிருந்து தரங்கம்பாடிப் பக்கம் போகும் கேபிள் ஓரிடத்தில் சாலையோரக் கரைக்குள் போகிறது. கரைக்கு ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வடிகால். ஐப்பசி மழை விடாமல் பெய்து வயல் நிறைந்துவிட்டால், கரையில் ஓரிடத்தை வெட்டி வடிகாலில் தண்ணீரை இறக்கிவிட்டு, பிறகு மண்ணும் வைக்கோலும் போட்டு மூடிவிடுவது அங்கே வழக்கம். இது எனக்குத் தெரியாது. நாங்கள் கேபிள் போட்டது கோடையில். அப்போது வடிகாலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் மழையில், குத்தகைக்குச் சம்பா நட்டிருந்த மல்லிகா என்பவர் தன் கொழுந்தன் செல்வத்தை எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினார்.

"சார், நெல்லு முழுகிக் கிடக்கு. கரையை வெட்டணும். வெட்டுற எடத்துல உங்க கேபிள் கல்லு நிக்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டுவோம்னு அண்ணி அனுப்புனாங்க."

எங்கள் கேபிள் வளையமாகப் போகிறது. ஒரு பக்கம் அறுந்தால் பேச்சும் டேட்டாவும் மறுபக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும். அன்று மறுபக்கம் ஏற்கெனவே ஒரு கரை உடைப்பில் அறுந்து கிடந்தது. கடலோரத்து டவர்கள், அரசு ஆஸ்பத்திரி, புயல் எச்சரிக்கை, எல்லாம் இந்த ஒற்றை இழையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கரண்டும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் மாறி மாறி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

செல்வத்தின் பைக்கிலேயே போனேன். ஆறேழு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். வயலில் நெல் தெரியவில்லை. தண்ணீருக்கு மேல் அங்கங்கே தோகை நுனி மட்டும் தெரிந்தது. கேபிள் போகும் இடத்தைக் காட்ட நாங்கள் நட்டிருந்த கல்லுக்குப் பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியை ஓங்கினார். அப்போதுதான் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, சாரு அடைகாக்குறாரு. சித்த பொறுங்க" என்றான் செல்வம். எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை.

"சார், நட்டு இன்னும் வேரு கூடப் புடிக்கல. தண்ணி நின்னா அழுகிடும். நீங்க கொஞ்சம் எந்திரிங்க."

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். "யோவ், அந்த ஒரு லைன்தான்யா உசுரோட இருக்கு. அந்தப் பக்கத்தை நாளைக்குச் சரி பண்ணிடுவாங்க. அப்புறம் என்னத்தையோ வெட்டிக்கச் சொல்லு."

மல்லிகாவிடம் அப்படியே சொன்னேன்.

"நாளைக்குன்னா நாளைக்கு நிச்சயமா சார்?"

"நிச்சயமாம்மா."

அவர்கள் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கெஞ்சியிருந்தால், திட்டியிருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ. என் வார்த்தையை நம்பிப் போனார்கள். எங்கள் அலுவலகத்து 'நாளைக்கு' பற்றி அவர்களுக்கு எந்த அனுபவமும் இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வழி எனக்குத் தெரியும். கேபிளை அறுக்காமலே கரையை வெட்டலாம். குழாய்க்குப் பக்கத்தில் கையால் மண்ணை எடுத்து, குறுக்கே மூங்கிலைப் போட்டுக் குழாயை அதில் கட்டித் தொங்கவிட்டால், தண்ணீர் பாட்டுக்கு அடியில் போகும். பாலம் வேலைகளில் எத்தனையோ தடவை செய்ததுதான். அறுந்தால் என் தலையில் விடியுமே என்று அதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை.

மறுநாள் போனபோது தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. வளையத்தின் மறுபக்கம் சரியாகவில்லை. மல்லிகா பள்ளப் பக்கம் இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். பயிர் குழைந்து விரலிடுக்கில் வழிந்தது. நாற்றம் கரை வரைக்கும் வந்தது.

"பள்ளம் போச்சு சார்" என்றார். அவ்வளவுதான். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

"மேடாவது நிக்கட்டும், வெட்டுங்க" என்றேன். அதிகாரியைக் கேட்கவில்லை. மூங்கிலும் கயிறும் வந்தன. குழாய் கண்ணில் பட்டதும் செல்வம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் வாரினான். "வலிக்காம எடுக்குறோம் சார், பயப்படாதீங்க." கட்டித் தொங்கவிட்டதும் தண்ணீர் இரைந்துகொண்டு வடிகாலில் விழுந்தது. மிதந்து வந்த ஆகாயத்தாமரை குழாயில் சிக்காமல் நான் ஒரு கழியால் தள்ளிக்கொண்டே நின்றேன். அந்த மழைக்காலத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

லைன் ஒரு நொடிகூட அறுபடவில்லை. அதிகாரி போனில் பாராட்டினார். காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டெல்டாவில் கேபிள் பாதை பார்க்கப் போகிறவர்களை மழைக்காலத்திலும் ஒரு முறை நடக்க வைக்கிறேன். நம் பாதையை வரைபடத்தில் போடும் முன், தண்ணீரின் பாதையை ஊர்க்காரரிடம் கேட்டுப் போட வேண்டும். வழி தெரிந்தும் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கீழே இருப்பவருடைய பயிர் அழுகும்.

பிறகு அந்த இடத்தில் கேபிளை இரும்புக் குழாய்க்குள் இன்னும் ஆழத்தில் இறக்கினோம். அங்கே கரை வெட்டுவதற்கு இனி எங்கள் தடை இல்லை என்று மேலிடத்தில் போராடி உத்தரவும் வாங்கினேன். அறுப்பு சமயத்தில் அதைச் சொல்லப் போனேன். மேட்டில் கதிர் தலைசாய்ந்திருந்தது. பள்ளம் வெறும் வெடிப்பாகக் கிடந்தது.

"மல்லிகாம்மா, இனிமே தண்ணி நின்னா நீங்க எங்களைக் கேக்கவே வேணாம். தாராளமா வெட்டிக்கலாம். அனுமதி வாங்கிட்டேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கதிரிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "நாங்க எந்த வருஷமும் யாரையும் கேட்டு வெட்டுனதில்ல சார். இந்த ஒரு வருஷந்தான் கேட்டோம்."