அப்பாவை அங்கிள் என்றவன்

“ஆரைத் தேடுறீங்கள், அங்கிள்?” ஒன்பது வருடங்களுக்குப் பிறகு என் அப்பாவின் முகம் பார்த்து நான் பேசிய முதல் வசனம் இதுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோ விமான நிலையத்தில் மெலிந்த மனிதர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து என் முன்னால் நின்று சிரித்தார். மீசை இல்லை, முன்தலையில் மயிரும் இல்லை. எங்கள் வீட்டு ரிவிக்கு மேலே இருந்த படத்தில் அப்பாவுக்கு இரண்டும் தாராளமாக இருந்தன. அம்மாவோ வேறு பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஊரில் வயது வந்த தமிழ் ஆண்கள் எல்லோருமே எங்களுக்கு அங்கிள்தான். வழி தெரியாமல் நிற்கிறாரென்று நினைத்து மரியாதையாகத்தான் கேட்டேன்.

எட்டு வயதில் அம்மாவோடு கனடா வந்தவன் நான். அப்பாவுக்குக் குடிவரவுப் பத்திரங்கள் சரிவந்து அவர் விமானம் ஏறியபோது எனக்குப் பதினேழு. இடையில் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுப்பார். “படிக்கிறியோ?” “ஓம்.” அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. அப்படிப்பட்ட ஒருவனை மன்னித்து விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். றிச்மண்ட் ஹில் கோயிலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாத ஒருவரிடம்கூட, “என்ரை மகன் என்னை அங்கிள் எண்டவன் எல்லோ” என்று தொடங்கிவிட்டார். அந்த மனிதர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குப் பிறகு எந்த வாயால் நான் அப்பா என்று கூப்பிடுவது? கூப்பிடாமலே சமாளித்தேன். “இஞ்சை, ரெலிபோன்” என்பேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம், “அவரைச் சாப்பிட வரச்சொல்லுங்கோ” என்பேன். “அப்பா எண்டு கூப்பிட்டா வாயிலை இருக்கிற முத்து உதிர்ந்திடுமோ?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு கிரேக்கப் பழங்காவியத்தைப் படிக்கத் தந்தார்கள். போருக்குப் போன அரசன் இருபது வருடங்கள் கழித்துப் பிச்சைக்காரக் கோலத்தில் ஊர் திரும்புகிறான். பன்றி மேய்ப்பவனின் குடிசையில் தகப்பனும் மகனும் சந்திக்கிறார்கள். தகப்பன் தன் உண்மை உருவத்தைக் காட்டியும் மகன் நம்ப மறுக்கிறான்; ஏதோ ஒரு தெய்வம் தன்னை ஏமாற்றுகிறது என்கிறான். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து ஓவென்று அழுகிறார்கள். அழுது முடித்த கையோடு எதிரிகளைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள். எங்கள் ஆசிரியைக்கு என் வீட்டு விஷயம் தெரியும். கண்கலங்க என்னைப் பார்த்து, நீ உன் அனுபவத்தை இரண்டு பக்கம் எழுதேன் என்றார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அந்த மகனாவது தகப்பனைத் தெய்வம் என்றான். நான் அங்கிள் என்றேன். அவர்களுக்குச் சேர்ந்து கொல்ல எதிரிகள் இருந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரு குளியலறை. காலையில் அப்பா உள்ளே போனால் முக்கால் மணித்தியாலம். இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைப்பார். இதையெல்லாம் எழுத முடியுமா? விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். அந்தத் தாளையும் அப்பா எடுத்துவைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் காட்டினார். அதில் எழுதியிருந்தது பொய் என்று தெரிந்தும் ஏன் காட்டினாரென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது விட்பியில் இருக்கிற என் வீட்டில் என் மகன் மாடிப்படியில் நின்றபடி ஒரு நாளைக்கு இருபது தடவை என்னை அப்பா என்று கூப்பிடுகிறான், பெரும்பாலும் சார்ஜர் எங்கே என்று கேட்க. எரிந்து விழுகிறேன். அப்பா வந்த பிறகு ஐந்து மாதங்களில் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை அவர் என் வாயிலிருந்து கேட்டதில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

அந்த ஐந்தாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடைக்குப் போயிருந்தோம். நான் கடை வாசலில் மரக்கறிப் பைகளோடு நின்றேன். அப்பா தெருவைக் கடக்கப் போனார். ஊரில் வாகனங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும். இங்கே இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வலப்பக்கத்தை வடிவாகப் பார்த்துவிட்டு இறங்கினார். இடப்பக்கத்திலிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது.

“அப்பா!”

கடை வாசலில் நின்ற மூன்று பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். என் அப்பா திரும்பவில்லை. பைகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவருடைய ஜாக்கெற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ் எங்களை உரசுவதுபோலப் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“கூப்பிட்டது காதிலை விழேல்லையோ?” என்று கத்தினேன்.

“விழுந்தது, தம்பி” என்றார். “ஆரோ ஒரு பெடியன் தன்ரை தகப்பனைக் கூப்பிடுறான் எண்டு நினைச்சன்.”