பெரியவர் வருகிறார், பிளீச்சிங் பவுடர் போடுங்கள்

கொடைக்கானலுக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்பதை நாங்கள் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. சாலையின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு விழும். பிளீச்சிங் பவுடர். சாக்கடையில் நேற்றுச் செத்த எலி இன்றும் அங்கேயேதான் கிடக்கும்; அதன் மேலும் ஒரு கைப்பிடி விழுந்திருக்கும். சுத்தம் முடிந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவே எத்தனையோ பேரை நடக்கவிட்டு மலையிறக்கி அனுப்பியிருக்கிறோம். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். எங்கள் அடுப்பை அணைக்கும்வரை கோபம் வந்ததில்லை.

காய்கறி மண்டிக்குப் பின்னால் நானும் என் அக்காவும் இட்லியும் மதியச் சோறும் போடும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தோம். விறகு அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு எரியாது, புகையத்தான் செய்யும். அதன் முன்னால் நின்று நின்று அக்காவுக்கு இளைப்பு வந்துவிட்டது. டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்: புகையை விடுங்கள், இல்லையென்றால் வேலையை விடுங்கள். வேலையை விட்டால் வத்தலக்குண்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் மருமகள் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டும். புருஷன் போன பிறகு சொந்தக் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டவள் அக்கா. அவளுக்கு அதைவிட இளைப்பே தேவலை. சிலிண்டர் வாங்கலாமே என்பீர்கள். கடைகளுக்கு விற்கும் சிலிண்டரை வாங்கினால் எங்கள் இட்லியை நகைக்கடையில் வைத்துத்தான் விற்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் திட்டத்துக்காரர்கள் வந்தார்கள். மண்டியில் அழுகும் முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை, டூரிஸ்ட்டுகள் தட்டில் விட்டுப்போகும் சோறு எல்லாம் ஒரு மூடிய தொட்டிக்குள் போகுமாம். மாட்டு வயிற்றில் இருக்கிற அதே நுண்ணுயிர்கள் உள்ளே இருந்து அதைத் தின்று வாயுவை விடுமாம். அந்த வாயு குழாய் வழியாக எங்கள் அடுப்புக்கு. பதிலுக்குத் தொட்டியை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டி கட்டிய இன்ஜினியர், காற்றுப் புகக்கூடாது, ஆரஞ்சுத் தோல் நிறையப் போடக்கூடாது, சோப்புத் தண்ணீர் ஆகாது, குளிர் ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குளிர் ஆகாத ஒன்றைத் தூக்கிவந்து கொடைக்கானலில் வைத்த மூளையை என்ன சொல்ல!

பண்ணைக்காட்டிலிருந்து ஜீப்பில் சாணி வந்தது. கரைத்து ஊற்றினோம். அடுப்பைத் திறந்தால் வெறும் காற்றுகூட வரவில்லை. தொட்டியைச் சுற்றி வைக்கோலும் சாக்கும் கட்டினோம். அக்கா குப்பையைக் கிளறி ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கி வெளியே போடுவாள். வடித்த கஞ்சியை ஆறவிடாமல், கை பொறுக்கும் சூட்டில் கொண்டுபோய் ஊற்றுவாள்.

“அதுகளுக்கும் குளுரும்ல,” என்பாள்.

கோடைக்காலம் முழுக்க இதே பாடு. ஒரு நாள் வெள்ளனே அக்கா போட்ட சத்தத்தில் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நீலமாக, ஒரு பொட்டுப் புகையில்லாமல். அக்கா அதன் முன்னால் நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டுக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு கொஞ்ச காலம் நாங்கள் ராணி மாதிரி இருந்தோம். தொட்டியிலிருந்து வழியும் கரைசலைப் பூண்டுத் தோட்டக்காரர் ஒருவர் எடுத்துப்போனார். அவர் பூண்டு அதே மண்டிக்கு வந்தது, அதன் தாளும் தோலும் திரும்பத் தொட்டிக்குப் போயின. இதற்குப் பெரிய பெயர் ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கென்றே சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வருவதாகச் சொன்னார்கள்.

அவர் வருவதற்கு முந்தின நாள் சாலையில் வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு தொட்டிவரை வந்தது. நான் வெளியே வந்தபோது திட்டத்தின் சூப்பர்வைசர் தொட்டியில் குப்பை போடும் வாயைத் திறந்துவைத்து, பவுடரைக் கரைத்து வாளி வாளியாக உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பினாயில் கேன் காலியாகக் கிடந்தது.

அக்கா கத்தினாள்: “ஏ தம்பி, என்ன சோலி பாக்குற? உள்ள ஊத்தாத!”

“நாத்தமே இங்கருந்துதானக்கா வருது. சார் வந்து நிக்கிற எடம். டோட்டலா கிளீன் பண்ணச் சொல்லிருக்காங்க.”

“உள்ள கெடக்கிறது உசுருப்பா. செத்துப்போகும்.”

“கிருமி சாகத்தானக்கா இதையே ஊத்துறோம்?”

இந்த மனிதருக்குத் திட்டத்தில் சம்பளம். நுண்ணுயிரைப் பற்றி ஊர் ஊராகப் போய் விளக்குவதும் இவர்தான்.

மறுநாள் பெரியவர் வந்தார். தொட்டியின் மேல் கூண்டில் முன்பே சேர்ந்திருந்த வாயு எரிந்தது. உள்ளே எல்லாம் செத்துக்கொண்டிருக்க, மேலே நீலத் தீ. பெரியவர் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, இதுதான் சுழற்சிப் பொருளாதாரம் என்றார். கைதட்டினார்கள். அக்காவை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கார் மலையிறங்கிய கொஞ்ச நாளிலேயே தீ சுருங்கி, அணைந்துபோனது.

தின்ன ஆளில்லாத குப்பை உள்ளேயே அழுகியது. நாற்றம் உண்மையிலேயே இப்போதுதான் வந்தது. மண்டிக்காரர்கள் புகார் சொன்னார்கள். நாற்றத்துக்கு மருந்தாகச் சூப்பர்வைசர் என்ன கொண்டுவந்தார் என்று நினைக்கிறீர்கள்? இன்னொரு மூட்டை பிளீச்சிங் பவுடர். கழுவிவிட்டு மறுபடி சாணி போடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தோம். பாதுகாப்புக்காக என்று தொட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். எதை யாரிடமிருந்து பாதுகாத்தார்களோ!

அக்கா விறகுக்குத் திரும்பினாள். அந்த மழைக்கே தாங்கவில்லை. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவளை மகன் வந்து கூட்டிப்போனான்.

பிறகு அந்தத் தொட்டிக்கு விருது கிடைத்தது. ஆமாம், பூட்டிய தொட்டிக்கு. புதுப் படம் வேண்டும், அந்த அக்காவே நின்றால் நன்றாக இருக்கும் என்று ஆள் அனுப்பி அவளைக் கூட்டிவந்தார்கள். கடைக்குள் புதுக் கேஸ் அடுப்பு. மேசைக்கு அடியில் சாக்குப் போட்டு மறைத்த ஒரு சிலிண்டர். அக்கா சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

படம் எடுத்து முடிந்ததும் சூப்பர்வைசர் சிலிண்டரைக் கழற்றக் குனிந்தார். அக்கா பருப்புச் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

“பருப்பு வேகுது தம்பி. வெந்ததும் எடுத்துக்க.”

பருப்பு வெந்ததும் உலை வைத்தாள். சோறு வடித்ததும் ரசம். ரசம் இறக்கியதும் அப்பளம். கேமராக்காரர்கள் எதிரில் அவரால் அணைக்கவும் முடியவில்லை, வெளியில் ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அக்கா சோறு போட்டாள், வெட்கமில்லாமல் சாப்பிட்டார்கள். கடைசியில் அவளே சிலிண்டரின் வால்வை மூடி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “இப்ப எடுத்துட்டுப் போ,” என்றாள்.

மறுநாள் அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். அங்கே மகன் வீட்டில் புகை இல்லை, நிம்மதியாக இரு என்று ஏதோ சொன்னேன்.

“புகையில்லதான். அங்கயும் கேஸ் அடுப்புதான் கெடக்கு,” என்றாள் அக்கா. “மருமக என்னையத்தான் கிட்ட விடமாட்டேங்கிறா.”